ஜெபம் ஆழமாவதும் பலிப்பதும்: ஒரு செவிலியரின் கேள்விக்குப் பதில்

கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் காலை ஐந்து மணிக்கு ஜெபிக்கிறார். ஐந்து நிமிடத்துக்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்வதாகத் தோன்றுகிறது. இருபத்தொரு நாள் உபவாசம் இரு என்கிறார்கள் சிலர், மூன்று மணி நேரம் முழங்காலில் நில் என்கிறார்கள் வேறு சிலர். ஜெபத்தை ஆழமானதாகவும் பலனுள்ளதாகவும் ஆக்குவது எப்படி? கேள்வி இத்துடன் முடிந்திருந்தால் பதிலும் எளிதாக இருந்திருக்கும். ஆனால் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல இரண்டு வரிகள் இருக்கின்றன: "என் வார்டில் யாருக்காக அழுது ஜெபித்தேனோ அவர் இறந்துவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரருக்காக நான் ஜெபிக்கவே இல்லை, அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்." சகோதரி, நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது இந்த இரண்டு வரிகளைத்தான் என்று நினைக்கிறேன். முறையைப் பற்றிய கேள்வி அதன் மேல் போர்த்திய துணி. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். முதலில் முறை, பிறகு அந்த வார்டு.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. இறையியல் படித்து லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்று, தரங்கம்பாடி, பொறையாறு, மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமச் சபைகளில் முப்பத்தொரு ஆண்டு ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே நான் சொல்வதில் அந்த மரபின் வாசனை இருக்கும். கத்தோலிக்க மரபைப் பக்கத்து வீட்டுக்காரனாக அறிவேன். பெந்தெகொஸ்தே சபைகளில் ஆவியின் ஏவுதலால் அறியாத மொழியில் பேசும் அந்நியபாஷை ஜெபத்தைப் பற்றி உள்ளிருந்து பேசும் தகுதி எனக்கு இல்லை. அதைக் குறைத்தும் பேசமாட்டேன், பரிந்துரைக்கவும் மாட்டேன்.

லூக்கா 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், இயேசு ஜெபித்து முடித்ததும் சீஷர்களில் ஒருவர் வந்து, எங்களுக்கும் ஜெபிக்கக் கற்றுத்தாரும் என்று கேட்கிறார். கேட்டவர் சிறு வயது முதல் தினமும் ஜெபித்து வளர்ந்த யூதர். அப்படிப்பட்டவருக்கே, தமக்கு இன்னும் ஜெபிக்கத் தெரியவில்லை என்று அன்று தோன்றியிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்களுக்குத் தோன்றுவதும் அதுவே. அதைப் பின்னடைவு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குக் கிடைத்த பதில், பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கும் பரமண்டல ஜெபம். நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்துக்குமேல் ஆகாது. மத்தேயுவில் அதே ஜெபத்துக்குச் சற்று முன்னதாக, அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்று எண்ணி வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எனவே நீளம் ஜெபத்துக்கு அளவுகோல் ஆகாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். பன்னிருவரைத் தெரிந்தெடுப்பதற்கு முந்தைய இரவு முழுவதும் இயேசு மலையில் ஜெபித்தார் என்று அதே லூக்கா 6ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பதால், நீண்ட ஜெபத்தைப் பழிக்கவும் நமக்கு உரிமை இல்லை. மூன்று மணி நேரம் ஜெபிக்கிறவர் அதில் நிறைவு கண்டால் நல்லதுதான். அதைச் சட்டமாக்கி, எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற ஒரு செவிலியரின் தலையில் ஏற்றுவதைத்தான் தவறு என்கிறேன்.

இப்போது, ஓடிப்போகும் மனம். என் அனுபவத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்லும் குறை இது. நான் முதலில் சொல்லிக்கொண்டிருந்த மருந்து தவறானது. மனத்தை இழுத்துக் கட்டுங்கள் என்று பல ஆண்டுகள் போதித்தேன். பிறகுதான், அது எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்ல ஆரம்பித்தேன். முழங்காலிட்டு, உலக சமாதானத்துக்காகவும் ஊழியர்களுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, மனம் நகைக்கடன் வட்டி கட்டும் தேதிக்கு ஓடுகிறது. நேற்று டூட்டியில் தலைமைச் செவிலியர் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஓடுகிறது. மாமியாரின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பதற்கு ஓடுகிறது. ஓடிய இடத்தில்தான் உங்கள் இருதயம் இருக்கிறது. வாய் ஒரு ஜெபத்தையும் இருதயம் வேறொரு ஜெபத்தையும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டில் உண்மையானது இரண்டாவது. ஆகவே அந்த வட்டியை, அந்த அவமானத்தை, அந்த மாத்திரையை அப்படியே எடுத்து, "ஆண்டவரே, என் மனம் இங்கேதான் கிடக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள் என்று 62ஆம் சங்கீதம் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பானையைக் கவிழ்த்தால் தெளிந்த நீர் மட்டுமா வரும், அடியில் கிடக்கும் வண்டலும் சேர்ந்துதான் வரும். சொல்லி முடித்த விஷயம் பெரும்பாலும் மறுபடி வந்து தொல்லை தருவதில்லை. வந்தால் மறுபடியும் சொல்லுங்கள். ஜெபம் ஆழமாவதில் பாதி, அதில் பொய் குறைவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையைச் சொல்ல நமக்கு வார்த்தை கிடைக்காத நாட்களும் உண்டு. அதற்காகவே சங்கீதப் புத்தகம் இருக்கிறது. மொத்தம் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள், முறையீடுகள். நம் ஆராதனைகளில் துதி வசனங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பாடுவதால், கடவுளிடம் குறை சொல்வது அவிசுவாசம் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஆறே வசனங்கள், தொடக்கமே, கர்த்தாவே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்பதுதான். 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கையில் வந்து இறங்கும். இது இறங்குவதில்லை, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல முடிவுரை எழுதி ஒட்டியிருக்கலாம், ஒட்டவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தினமும் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, உங்கள் காதில் விழும்படி வாசியுங்கள். அன்றைய மனநிலைக்கு அது பொருந்தவில்லை என்றால், இந்நேரம் அந்த நிலையில் இருக்கும் யாரோ ஒருவருக்காக வாசியுங்கள்; உங்கள் வார்டில் அப்படி ஒருவராவது இருப்பார்.

எங்கள் மரபில் இதற்கு ஒரு பழைய கைமுறை உண்டு. 1535இல் மார்ட்டின் லூத்தர், தமக்கு முடி திருத்தும் பேத்தர் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு, ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொள், அதை நாலு புரியாகத் திரி என்கிறார்: இது எனக்கு எதைக் கற்பிக்கிறது, இதில் எதற்கு நன்றி சொல்லலாம், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். சவரக்கத்தி கையில் இருக்கும்போது வேறு நினைப்பில் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவர் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவாய், ஜெபத்துக்கும் அதே கவனம் தேவை என்று அவருடைய தொழிலிலிருந்தே உதாரணம் காட்டுகிறார். இவற்றைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று: நடுவில் ஏதாவது ஒரு வரி உன்னைப் பிடித்து நிறுத்தினால், மீதி முறையை எல்லாம் விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடு, அப்போது பிரசங்கம் செய்வது பரிசுத்த ஆவியானவர் என்கிறார். முறையை எழுதியவரே அதை எப்போது கைவிடுவது என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையின் மறுபாதியைப் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை. அந்த பேத்தர் அதே ஆண்டில் ஒரு விருந்தில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் முதலானோர் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஜெபத்தைப் பற்றிய மிகச் சிறந்த கடிதங்களுள் ஒன்றைப் பெற்றவரின் கை அந்த ஆண்டே அப்படிச் செய்தது. முறை தெரிந்தால் மனிதன் மாறிவிடுவான் என்று யாராவது உங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தால், இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மரபுகளின் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி, வாசித்தல், அசைபோடுதல், மன்றாடுதல், அமைந்திருத்தல் என்று நான்கு படிகளை வகுத்தார். நம்மில் பலர் முதல் படியில் ஏறிவிட்டு மூன்றாவதற்குத் தாவுகிறோம், இரண்டாவதும் நான்காவதும் விடுபட்டுப்போகின்றன. அதற்கும் முந்தைய காலத்தில், எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் கற்ற யோவான் காசியன், 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை மட்டும் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருக்கப் பழக்கினார்: தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும். லயோலா இஞ்ஞாசியார், நாள் முடிவில் அந்த நாளை நடந்தபடியே மனத்தில் ஓட்டிப் பார்த்து, எங்கே நன்றி, எங்கே வருத்தம் என்று கடவுள் முன்னிலையில் நின்று பார்க்கச் சொன்னார். டூட்டி முடிந்து பேருந்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது பொருந்தும். ஜெபமாலையைப் பற்றி எங்கள் சபையார் சிலர் கேலியாகப் பேசுவதுண்டு. ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி நோக்கிக் காவி உடுத்தி நடக்கிறவர்களோடு ஒரு முறை சில மைல் தூரம் நடந்து பார்த்தேன். கொப்புளம் வெடித்த காலோடு நடக்கிறவருக்குப் புதிதாக வாக்கியம் அமைக்கும் தெம்பு இருப்பதில்லை. பழகிய வார்த்தைகள் அவரைத் தூக்கிக்கொண்டு போகின்றன. சொன்னதையே சொல்வது தன்னளவில் குற்றமில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் நான் ஜெபத்தை அதிகமாகக் கற்றுக்கொண்டது துறவிகளிடம் இல்லை. தரங்கம்பாடி வட்டத்தில் ஒரு சிற்றூரில் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம். தாளடி நடவு நடந்துகொண்டிருந்த நேரம். வரப்பில் நின்று, மதியத்துக்குமேல் சபைக் கூட்டம் இருப்பதைச் சொல்லப் போனவன், இவ்வளவு வேலைக்கு நடுவில் உங்களுக்கு ஜெபிக்க நேரம் இருக்கிறதா என்று ஆயருக்கே உரிய தோரணையில் கேட்டுவிட்டேன். அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே கையிலிருந்த நாற்று முடியை, அந்தச் சிறு நாற்றுக்கட்டை, காட்டினார். "முடிய அவுக்கும்போது ஒரு வூட்ட நெனச்சிக்குவேன் ஐயா. இந்த முடி தீர்ற வரைக்கும் அந்த வூடுதான். தீந்தா அடுத்த வூடு." அந்த வீட்டுக்காக என்ன கேட்பீர்கள் என்றேன். "கேக்குறது ஒண்ணும் இல்லீங்கய்யா. அவரு முன்னால வெக்கிறேன், அவருக்குத் தெரியாதா." கூலியில் பிடித்துக்கொண்டு கொடுக்கும் அந்த வயல்காரர் வீடு எந்த முடியில் வரும் என்று விளையாட்டாகக் கேட்டேன். "அது கடைசி முடிங்கய்யா. இடுப்பு விட்டுப்போனப்புறம், கோவப்படத் தெம்பிருக்காது பாருங்க." பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறருக்காக வேண்டுதல் செய்வதைப் பற்றி நான் கல்லூரியில் எழுதிய கட்டுரையில், இந்த அளவுக்கு விஷயம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்தக் கடைசி முடி முக்கியமானது. காணிக்கையைச் செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. ஜெபம் வறண்டுவிட்டது என்று என்னிடம் வந்த ஒரு சபை மூப்பர், ஒரு சாண் வரப்புத் தகராறில் தம்பியோடு பதினொரு ஆண்டு பேசாதிருந்தார். அவருக்கு நான் எந்த ஜெப முறையும் சொல்லவில்லை. தம்பி வீட்டு வாசலைக் காட்டினேன். அவர் போக இரண்டு ஆண்டு ஆயிற்று. போன பிறகு ஜெபம் சுரந்ததா என்றால், கொஞ்சம் என்றார். தூக்கம்தான் நன்றாக வருகிறது என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த டெல்டாவின் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்து ஆராதித்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் உருக்கமாகத்தான் ஜெபித்திருப்பார்கள். உருக்கத்தை மட்டும் வைத்து ஆழத்தை அளக்க நான் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

இனி உங்கள் வார்டு. பலனைப் பற்றி எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் மருத்துவத் துறையில் இருப்பதால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி, ஜெபக் குழுக்களை 14 நாட்கள் ஜெபிக்க வைத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. தங்களுக்காக ஜெபிக்கப்படுமோ இல்லையோ என்று தெரியாத இரு பிரிவினரில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்த மூன்றாம் பிரிவில் அது 59 விழுக்காடு. இதை வைத்து ஜெபம் பொய் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆய்வே செல்லாது என்கிற விசுவாசிகளும் உண்டு. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுபோல ஜெபத்தைக் கூட்டிக் குறைத்துக் குணத்தை வரவழைக்க முடியும் என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வு இடம் தரவில்லை. வேதமும் தரவில்லை. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, என் கிருபை உனக்குப்போதும் என்ற பதில்தான் வந்தது. கெத்செமனே தோட்டத்தில், சிலுவைக்கு முந்தைய இரவில், இயேசு அந்தத் துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் துணிவு யாருக்கும் வராது. அப்படியிருக்க, ஒரு நோயாளி இறந்ததற்கு உங்கள் விசுவாசக் குறைவைக் காரணமாகச் சொல்கிறவர்களிடம் அந்தத் துணிவு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

நீதிமான் செய்யும் ஊக்கமான வேண்டுதல் மிகவும் பெலனுள்ளது என்று யாக்கோபு எழுதியிருப்பதையும் நான் விட்டுவிடவில்லை. கேளுங்கள் என்று நமக்குக் கட்டளை இருக்கிறது. அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் தொல்லைப்படுத்திய விதவையின் உவமை இருக்கிறது. எனவே கேட்பது வீண் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். கேட்டு, மருத்துவர்கள் கைவிட்டபின் பிழைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்பதற்கு என்னிடம் விடை கிடையாது. விடை இருப்பதாகச் சொன்ன யாரையும் முழுதாக நம்பவும் என்னால் முடிந்ததில்லை. உங்கள் இரண்டு வரிகளுக்கு என் நேரான பதில் இதுதான்: அந்த மரணத்துக்கு உங்கள் ஜெபம் பொறுப்பில்லை, பக்கத்துப் படுக்கைக்காரர் பிழைத்ததற்கு உங்கள் மறதியும் பொறுப்பில்லை. அவர் இறக்கும்போது அவருக்காக அழ ஒருவர் இருந்தார் என்பது நடந்த காரியம், அதை யாரும் மாற்ற முடியாது.

ஐயத்துக்குரியவை சில. இருபத்தொரு நாள் கணக்கு தானியேல் 10ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அவர் மூன்று வாரம் துக்கங்கொண்டாடி, ருசிகரமான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கினார். அது அவர் செய்தது. நமக்கு இடப்பட்ட கட்டளையாக எங்கும் இல்லை. உபவாசம் நல்ல பழக்கமாக இருக்கலாம், ஆனால் நீண்ட பணிநேரம் உள்ளவர்களும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கர்த்தர் என்னிடம் சொன்னார்" என்று பிறருடைய திருமணம், வீடு, வேலை பற்றித் தீர்ப்புச் சொல்லும் ஜெபவீரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மனத்தில் எழும் எண்ணம் ஆவியானவருடையதா நம் ஆசையுடையதா என்று பிரித்தறிய எனக்கே பல முறை முடிந்ததில்லை.

என் தோல்வி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்து போன பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்கள் நடுவில் ஜெபிக்கச் சொன்னார்கள். பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன்; உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்ற வரியில், உம்முடைய சித்தம் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ எடுத்துச் சொல்லி முடித்தார்கள். அதன்பின் ஏறத்தாழ எட்டு மாதம் சொந்தமாக ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை; ஜெபப் புத்தகத்தையும் ஞானப்பாட்டையும் பார்த்துப் படித்துதான் ஊழியத்தை ஓட்டினேன். ஃபப்ரீசியஸ் என்ற ஜெர்மானியர் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழாக்கிய பாட்டுகள் அவற்றில் உண்டு. அவருடைய தமிழைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அந்த எட்டு மாதமும் அவர் வார்த்தைகளைத்தான் கடன் வாங்கிப் பிழைத்தேன். வறட்சி நீங்கியது ஒரு நாளிலும் இல்லை, ஒரு காரணத்தாலும் இல்லை. இன்னொன்று இதைவிட மோசம். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், ஜெபிக்க முடியவில்லை என்று வந்த ஒரு இளைஞனிடம், இன்னும் அதிகமாக ஜெபி என்றேன். அவனுக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவர். அவனுடைய அக்கா அழைத்துக்கொண்டு போய்ச் சிகிச்சை கொடுத்ததால் தப்பித்தான். உங்கள் வறட்சியோடு தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை வாரக்கணக்கில் சேர்ந்திருந்தால், தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், நேரத்தைக் குறையுங்கள். ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டு வருந்துவதைவிடப் பதினைந்து நிமிடத்தைக் காப்பாற்றுவது நல்லது. ஒரே இடத்தில் உட்காருங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலி போதும். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும், வேதாகமம் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். ஒரு சங்கீதம் வாய்விட்டு வாசியுங்கள். பிடித்து நிறுத்தும் வரி இருந்தால் அதில் நில்லுங்கள். மனம் ஓடிய இடத்தைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள், அது முதலில் மிகவும் கடினமாக இருக்கும். பரமண்டல ஜெபத்தோடு எழுந்துவிடுங்கள். ஒரு சிறிய நோட்டில் யாருக்காக ஜெபிக்கிறீர்களோ அவர்கள் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். கேட்டது கிடைத்ததா என்று பக்கத்தில் டிக் அடிக்க வேண்டாம். நான் அடித்துப் பார்த்தேன், அது கணக்குப்பிள்ளை வேலையாகிவிட்டது. கடைமடைக்காரர்களுக்குத் தெரியும்: ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும், கல்லணை தாண்டித் தங்கள் வயலுக்குத் தண்ணீர் வர நாளாகும், அது அவர்கள் கையில் இல்லை; கன்னி வாய்க்காலை வெட்டி வைப்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது. உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும், ஏனென்றால் வாய்க்கால் வெட்டாதவன் வயலிலும் மழை பெய்வதைப் பார்த்திருக்கிறோம்.

இரவுப் பணி நாட்களில் காலை ஜெபம் விட்டுப்போவது பாவமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பாரிஸில் ஒரு மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே கடவுளோடு பேசிப் பழகிய சகோதரர் லாரன்ஸ், குறித்த ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு தெரியவில்லை என்றார். எனக்கு அந்த அளவு கைகூடவில்லை, உங்களுக்குக் கூடலாம். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்முன் கையில் சானிடைசர் தேய்க்க இருபது, முப்பது விநாடி ஆகிறதல்லவா. அதை ஒரு நாற்று முடியாக வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கை காயும்வரை அடுத்த படுக்கைக்காரரின் பெயர். ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன் என்று தொடங்கும் 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள். விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் எங்கள் ஞானோபதேசப் புத்தகத்தில், மாலை ஜெபத்தை எழுதிய கையோடு, இதைச் சொல்லி முடித்தபின் உடனே மகிழ்ச்சியாகத் தூங்கப் போ என்று லூத்தர் எழுதி வைத்திருக்கிறார். உங்களுக்கு அது காலை ஒன்பது மணியாக இருக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.